தீர்ப்புக்குப் பிறகும் எஞ்சும் ஐயம்

(திருவரங்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவரங்கத்தில் பேசுகிறேன், இந்த ஊர்க் கதை ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். நந்தவனக் கைங்கரியம் செய்துவந்த விப்ரநாராயணர், பின்னாளில் தொண்டரடிப்பொடி ஆழ்வார் என்று நாம் கைகூப்பும் பெரியவர், ஒருமுறை திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். குருபரம்பரைக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். கோயிலில் பொன்வட்டில் காணாமல் போகிறது. அர்ச்சகர்கள் மேல் சந்தேகம் விழுகிறது. பிறகு ஒரு பணிப்பெண் வழியாகத் துப்புக் கிடைத்து, தேவதேவி என்ற கணிகையின் வீட்டில் வட்டில் அகப்படுகிறது. விசாரித்தால், “விப்ரநாராயணர் கொடுத்தனுப்பினார், அவருடைய ஆள் கொண்டுவந்து தந்தான்” என்கிறாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. வந்தவன் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தான். விப்ரநாராயணரோ கைப்பொருள் எல்லாம் அவளிடம் தொலைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவர். நான் யாரையும் அனுப்பவில்லை என்று மறுக்கிறார். அந்த மறுப்பு எடுபடவில்லை.

இதை ஒரு புலனாய்வு அதிகாரியின் கண்ணால் பாருங்கள். காணாமல் போன பொருள் கைப்பற்றப்பட்டாயிற்று. வைத்திருந்தவள் அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லியாயிற்று. குற்றம்சாட்டப்பட்டவருக்கும் அவளுக்கும் இருந்த தொடர்பு ஊரறிந்தது. பணத்துக்கு வழியில்லாதவர் என்பதால் நோக்கமும் இருக்கிறது. கோயிலுக்குள் போய்வரும் பழக்கமும் இருக்கிறது. ஒவ்வொன்றும் உண்மை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய முடிவு மட்டும் தவறு. வட்டிலை எடுத்துப் போனவர் அரங்கன். அவரே அரசனின் கனவில் வந்து அதைச் சொன்னதால் ஆழ்வார் விடுபட்டார்.

மனிதர்கள் நடத்தும் நீதிமன்றத்துக்கு அந்த உதவி கிடையாது. அதனால்தான் சாட்சியச் சட்டம் வேண்டியிருக்கிறது, குறுக்கு விசாரணை வேண்டியிருக்கிறது, மேல்முறையீடு வேண்டியிருக்கிறது. அவற்றுக்கும் அப்பால், தீர்ப்பைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கிற குடிமக்கள் வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளாகத் துப்புத் துலங்காத கொலை வழக்கில் ஒருநாள் யாருக்கோ தண்டனை கிடைத்தால் ஊர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அந்த மூச்சோடு கேள்விகளையும் விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு சந்தேகத்தை எழுப்புகிறவரை, குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறவர் என்று பார்க்கிறார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறானது. நியாயமான ஐயம் எஞ்சியிருந்தால் அதை எடுத்துச் சொல்வது, தண்டனை பெற்றவருக்குச் செய்யும் உதவி என்பதைக் காட்டிலும், கொலையுண்டவருக்கு நாம் பட்ட கடன். ஏனென்றால் தவறான ஆளைப் பிடித்துவிட்டால், சரியான ஆளைத் தேடுவது அன்றோடு நின்றுபோகிறது.

திருச்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. நம் ஊர் வளர்த்த பிள்ளை ஒருவரின் வாழ்க்கையே போதும். 1910இல் மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, சிறுவனாக இருந்தபோது எஃப். ஜி. நடேச ஐயரின் கண்ணில் பட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியவர் எம். கே. தியாகராஜ பாகவதர். 1934இல் ‘பவளக்கொடி’. பிறகு ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த மூன்று தீபாவளிகளில் இரண்டின்போது அதன் நாயகன் சிறையில் இருந்தார்.

வழக்கின் விவரம் உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். சி. என். லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்றும், பிறகு ‘இந்துநேசன்’ என்றும் பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதுவது, எழுதாமல் இருக்கப் பணம் கேட்பது என்று அவர்மேல் புகார்கள் இருந்தன. பாகவதர், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன், படத் தயாரிப்பாளர் கோவை ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்து ‘சினிமா தூது’ இதழின் உரிமத்தை ரத்து செய்யவைத்தார்கள். 1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரியில் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுக் கைரிக்ஷாவில் திரும்பும்போது லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் அதிகாலை சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். அடுத்த மாதமே பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். குத்தியவர்கள் அவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சதிக்குப் பின்னால் இருந்தவர்கள், பணம் கொடுத்தவர்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளோடு விசாரணை நடந்தது. ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். அந்தக் காலச் சட்டத்தில் ஒருமனதான முடிவு தேவையில்லை. 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உடன் குற்றம்சாட்டப்பட்டிருந்த ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். சற்று நின்று யோசியுங்கள். ஒரே சாட்சியங்களைக் கேட்ட ஒன்பது பேரில் மூன்று பேருக்கு மனம் ஒப்பவில்லை. தீர்ப்பு எழுதப்படும்போதே ஐயம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தது. சட்டம் அதை எண்ணிக்கையால் தள்ளிவைத்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே டி. என். பிரிட் வாதாடினார். பிரிவி கவுன்சில், உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்து, மேல்முறையீட்டை மறுபடி கேட்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. இம்முறை வி. எல். எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹேப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் சாட்சியங்களை அலசிப் பார்த்து, 1947 ஏப்ரல் 25ஆம் தேதி இருவரையும் விடுதலை செய்தார்கள். இரண்டேகால் ஆண்டுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது.

கிருஷ்ணன் மீண்டு வந்தார். பாகவதரால் முடியவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’ என்று வந்த படங்கள் பழைய இடத்தை அவருக்குத் திருப்பித் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி இறந்தார். சங்கிலியாண்டபுரத்தில் அடக்கமானார். பாகவதரின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? அனுப்பியது யார்? எண்பது ஆண்டுகளாகியும் விடை இல்லை. அவர் எழுதிய எழுத்து எப்படிப்பட்டதாகவும் இருக்கட்டும், அவர் பட்டப்பகலில் தெருவில் குத்திக் கொல்லப்பட்ட ஒரு மனிதர். அவருக்கு நீதி கிடைக்கவில்லை. 1944 டிசம்பர் முதல் 1947 ஏப்ரல் வரை அரசின் முழுக் கவனமும் புகழ்பெற்ற இருவரைச் சிறையில் வைப்பதிலேயே இருந்தது. விடுதலை வந்தபோது தடயம் ஆறிப்போயிருந்தது, சாட்சிகள் கலைந்திருந்தார்கள், நாடே வேறு கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பாகவதரின் புகழ் போனதைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் நூற்றில் ஒரு பங்குகூட லட்சுமிகாந்தனின் கொலையாளி தப்பியதைப் பற்றி எழுதப்படவில்லை. தவறான தண்டனை ஒருவரையல்ல, இருவரைத் தண்டிக்கிறது. இரண்டாமவர் செத்துப்போனவர் என்பதால் அவருடைய வலி நம் கண்ணில் படுவதில்லை.

இனி, ஐயம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குற்றவியல் வழக்குகளில் வாதாடிப் பழகியவன் என்ற முறையில், கோப்புகளுக்குள் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறேன். “என்னை அழைத்துச் சென்றால், நான் மறைத்து வைத்திருக்கும் கத்தியை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்.” தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவரின் ஒப்புதல் வாக்குமூலம் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் வந்து முடியும். போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அப்படிச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதையே வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் முழுப் பாரமும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல் வந்து விழுகிறது.

இதற்குச் சாட்சி யார்? பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். கைப்பற்றலைப் பதிவு செய்யும் மகஜரில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். முள்ளுக்காட்டிலோ பாலத்தடியிலோ வைக்கோல் போருக்குள்ளோ கத்தி கிடைக்கும். நேர்மையாக நடந்த கைப்பற்றலும் இதே வார்த்தைகளில் இருக்கும், ஜோடித்த கைப்பற்றலும் இதே வார்த்தைகளில் இருக்கும். காகிதத்தை மட்டும் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சம்பவம் நடந்த மறுநாள் கிடைத்த கத்தி என்றால் ரத்தம், ரேகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டு. பத்து ஆண்டு கழித்துக் கிடைத்த கத்தியில் எதை ஒப்பிடுவது?

பழைய வழக்குகளின் சிக்கலே இதுதான். காலம் சாட்சியை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. தடயம் அழிகிறது, இது எல்லோருக்கும் தெரியும். நினைவு வளர்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. அன்றைக்கு ஒரு வண்டியைப் பார்த்தேன் என்று சொன்னவர், செய்தித்தாளில் படித்ததையும் டீக்கடையில் கேட்டதையும் தான் கண்ணால் பார்த்ததோடு சேர்த்துவிடுகிறார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இராது. முழு நம்பிக்கையோடு கூண்டில் ஏறிச் சொல்வார். குறுக்கு விசாரணையில் பொய்யைப் பிடிப்பது எளிது. உண்மையாக நம்பப்படும் தவறைப் பிடிப்பது மிகக் கடினம்.

பிறகு அப்ரூவர். சதி வழக்குகளில் நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது. அதனால் சதியில் இருந்ததாகச் சொல்லப்படும் ஒருவருக்கு மன்னிப்புக் கொடுத்துச் சாட்சியாக மாற்றுகிறார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் அவர் சொல்வதை வேறு சாட்சியம் உறுதிப்படுத்தாமல் நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையும் சட்டத்தில் இருக்கிறது. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரைக் காட்டிக்கொடுக்கிறவன், உண்மையான ஆளைத்தான் காட்டுவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவற்றையெல்லாம் எடைபோட ஒரு அளவுகோல் நம்மிடம் உண்டு. 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சந்தர்ப்ப சாட்சியங்களுக்கு ஐந்து நிபந்தனைகளை வகுத்தது. சாரம் இதுதான்: ஒவ்வொரு சந்தர்ப்பமும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்த சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும், குற்றம்சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். அவர் செய்திருக்கலாம் என்பது போதாது, அவரேதான் செய்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டில் ஒரு மனிதனின் ஆயுள் இருக்கிறது.

பக்கத்து மாநிலத்து வழக்கு ஒன்றைப் பார்ப்போம். 1992 மார்ச் 27ஆம் தேதி கோட்டயத்தில் ஒரு கன்னிமடத்தின் கிணற்றில் சகோதரி அபயாவின் உடல் கிடந்தது. உள்ளூர்ப் போலீசும் குற்றப்பிரிவும் தற்கொலை என்றன. தடயப் பொருட்கள் அழிக்கப்பட்டன. சி.பி.ஐ. விசாரணையும் பல கை மாறியது. வழக்கை மூடலாம் என்று அது கொடுத்த அறிக்கைகளை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2008இல்தான் கைது நடந்தது. 2020 டிசம்பரில், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பாதிரியார் ஒருவருக்கும் கன்னியாஸ்திரி ஒருவருக்கும் திருவனந்தபுரம் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அன்று கேரளமே கண்ணீர் விட்டது. இத்தனை ஆண்டு விடாமல் போராடியவர்களின் உழைப்பை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். அவர்கள் இல்லையென்றால் வழக்கே இல்லை.

ஆனால் தீர்ப்பின் அடித்தளம் என்ன? அன்றிரவு இடிதாங்கியின் செம்பைத் திருட மடத்துக்குள் ஏறியதாகச் சொன்ன ஒருவரின் சாட்சியம் அதில் முக்கியமான தூண். ஏழை, திருடன், ஆனால் பல ஆண்டு நெருக்கடிக்கும் ஆசைகாட்டலுக்கும் மசியாதவர் என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2022 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து இருவரையும் ஜாமீனில் விட்டது. நான் அவர்கள் குற்றவாளிகள் என்றோ நிரபராதிகள் என்றோ சொல்ல வரவில்லை. அந்த வேலை மேல்முறையீட்டு நீதிமன்றத்துடையது. முதல் சில நாட்களில் தடயங்களைக் காக்காமல் விட்ட அலட்சியத்தை, இருபத்தெட்டு ஆண்டு கழித்து வரும் எந்தத் தீர்ப்பாலும் ஈடுகட்ட முடியாது என்பதைத்தான் சொல்கிறேன். அபயாவின் பெற்றோர் தீர்ப்பு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள்.

நம் மாநிலத்தில் நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. முதல் தீர்ப்போடு எல்லாம் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2012 மார்ச் 29ஆம் தேதி அதிகாலை, தில்லை நகரில் வீட்டிலிருந்து நடைப்பயிற்சிக்குப் புறப்பட்ட தொழிலதிபர் ராமஜெயம் வீடு திரும்பவில்லை. அவருடைய உடல் திருச்சி–கல்லணை சாலையில், திருவளர்ச்சோலை அருகே, காவிரிக் கரையில் கிடந்தது. அந்தச் சாலை இந்தத் தீவின் சாலை. நீங்கள் கல்லணைக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறீர்கள். அவர் தி.மு.க. அரசியல்வாதி கே. என். நேருவின் தம்பி என்பதால் தமிழ்நாடு முழுவதும் அந்த வழக்கு பேசப்பட்டது. முதலில் மாநகரக் காவல்துறையின் தனிப்படைகள், பிறகு சி.பி.சி.ஐ.டி., 2017இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சி.பி.ஐ., 2022இல் சிறப்புப் புலனாய்வுக் குழு. துப்புக் கொடுப்பவருக்கு 50 லட்சம் ரூபாய் பரிசும் அறிவிக்கப்பட்டது. 2023 தொடக்கத்தில் சந்தேகத்துக்கு உள்ளான பன்னிரண்டு பேருக்கு, அவர்களுடைய சம்மதத்தோடு, உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. பத்து ஆண்டுகளைத் தாண்டியும் கொலையாளிகள் யார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லும் நிலை வரவில்லை.

இந்த வழக்கில் யார் மேலும் விரல் நீட்ட நான் வரவில்லை. அப்படி நீட்டுவதுதான் ஆபத்து என்று சொல்ல வந்தேன். ஒரு ஊர் இவ்வளவு காலம் காத்திருந்தால் அதற்கு ஒரு பெயருக்கான பசி வந்துவிடும். ஏதாவது ஒரு பெயர் வந்தால் போதும் என்று தோன்றும். புலனாய்வு அதிகாரிகளுக்கும் அந்த நெருக்கடி இருக்கும். அவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தான், மேலிடத்தின் கேள்விக்கும் செய்தியாளர்களின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். பெரிய பரிசுத் தொகை நல்ல துப்பையும் கொண்டுவரும், பழைய பகையைத் தீர்த்துக்கொள்ள நினைப்பவரையும் கொண்டுவரும்.

உண்மை கண்டறியும் சோதனையைப் பற்றி ஒரு விளக்கம். அந்தக் கருவி உண்மையைக் கண்டறிவதில்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, தோலின் ஈரம் ஆகியவற்றின் மாற்றத்தைப் பதிவு செய்கிறது. பயந்தவனுக்கும் துடிப்பு கூடும், பொய்யனுக்கும் கூடும். 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகளை நடத்தக் கூடாது என்றது. சம்மதத்தோடு நடந்தாலும் அதன் முடிவு தானாகவே சாட்சியமாகாது என்றும் சொன்னது. அதனால் ஒருவர் மறுத்தால், அவர் மறைக்கிறார் என்று பேசுவது சட்டப்படியும் தவறு, மனிதத் தன்மையிலும் தவறு. சோதனைக்குப் போனவர்களின் பெயரும் படமும் தொலைக்காட்சியில் ஓடும்போது அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபடுவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே சிலர் வள்ளுவரை எடுத்துக்காட்டி என்னை மறுக்கலாம். தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், ஒருவரை நம்பித் தெளிந்த பிறகு சந்தேகப்படுவதைக் கேடு என்று அவர் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குறளின் முதற் பாதியையும் படிக்க வேண்டும். ஆராயாமல் தெளிவதையும் அதே மூச்சில் அவர் கேடு என்கிறார். இரண்டில் அதைத்தான் முதலில் வைக்கிறார். ஆராய்ந்து தெளிந்த தீர்ப்பைப் பொழுதுபோக்குக்குச் சந்தேகிப்பதை நானும் ஏற்கவில்லை. நடிகர் வழக்கு, அரசியல்வாதி வழக்கு என்றால் ஆதாரமில்லாத கதைகளை அவிழ்த்துவிடுவது வேறு. தீர்ப்பை வரிவரியாகப் படித்து, இந்தச் சாட்சி எட்டு ஆண்டு ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பது வேறு. முதலாவது வம்பு. இரண்டாவது கடமை.

சரி, என்ன செய்யலாம்? மூன்று சொல்கிறேன்.

முதலாவது, தடயங்களைப் பாதுகாப்பது. கொலை வழக்கில் தீர்ப்பு வந்த பின்னும், மேல்முறையீடு முடிந்த பின்னும், ரத்த மாதிரி, உடை, ஆயுதம் ஆகியவற்றை அழிக்காமல் நெடுங்காலம் வைத்திருக்க வேண்டும். இன்றைய ஆய்வகத்தால் முடியாதது நாளைக்கு முடியும். மரபணுச் சோதனையால் பல நாடுகளில் பல ஆண்டு சிறையிருந்தவர்கள் நிரபராதிகள் என்று தெரியவந்தது, பொருட்கள் பத்திரமாக இருந்ததால்தான்.

இரண்டாவது, மறு ஆய்வுக்கு ஒரு அமைப்பு. இங்கிலாந்தில் 1997 முதல் குற்ற வழக்குகள் மறு ஆய்வு ஆணையம் இயங்குகிறது. எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகும் புதிய ஆதாரம் இருந்தால் அது வழக்கை மீண்டும் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. 2014இல் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், விடுதலையில் முடிந்த ஒவ்வொரு வழக்கையும் மாநில அரசுகள் பரிசீலித்து, புலனாய்வில் நடந்த தவறுகளைக் கண்டறிய வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. குற்றவாளி தப்பினால் ஏன் என்று கேட்க வழி பிறந்தது. நிரபராதி தண்டிக்கப்பட்டால் ஏன் என்று கேட்க ஒரு மேசை இன்னும் போடப்படவில்லை. தவறான வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதுவும் நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை.

மூன்றாவது, நம் கையில் இருப்பது. தீர்ப்புகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. தொலைக்காட்சியின் கீழே ஓடும் ஒரு வரியை நம்பி, தீர்ந்தது வழக்கு என்று சொல்வதை விட்டு, தீர்ப்பையே படியுங்கள். நாவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது, திருச்சியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு பழைய ஆயுள் தண்டனைத் தீர்ப்பை எடுத்து, சார்தா வழக்கின் ஐந்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். கண்டெடுத்த பொருளுக்குச் சாட்சி யார்? முதல் வாக்குமூலத்துக்கும் கூண்டில் சொன்னதற்கும் இடையே என்ன மாறியிருக்கிறது? விசாரிக்கப்படாமல் விடப்பட்டவர் யார்? பெரும்பாலான தீர்ப்புகள் இந்தச் சோதனையில் நிற்கும். நிற்காத ஒன்றிரண்டை நீங்கள் கண்டுபிடித்தால், ஒரு சட்ட உதவி மையத்தின் கதவைத் தட்டுங்கள். திருச்சி மத்தியச் சிறையில் இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இரண்டாவது முறை படித்துப் பார்க்க ஒரு வக்கீல் கிடையாது. பாகவதருக்குப் பிரிட்டும் எத்திராஜும் கிடைத்தார்கள், லண்டன் வரை போகப் பணம் இருந்தது. கூலி வேலை செய்கிறவருக்கு உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் மதுரைக்குப் போய்வருவதே பெரும்பாடு.

ராமஜெயம் வழக்கிலும் ஒருநாள் தீர்ப்பு வரும் என்று நான் நம்புகிறேன், வர வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தக் குடும்பத்துக்கு அந்த விடை கிடைத்தாக வேண்டும். அந்த நாளில் திருச்சி மக்கள் பட்டாசு வெடிப்பதற்கு முன்னால் தீர்ப்பைப் படிக்க வேண்டும். சங்கிலி முழுமையாக இருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்வோம். ஒரு கண்ணி விடுபட்டிருந்தால், தண்டனை பெற்றவர் நமக்குப் பிடிக்காதவராக இருந்தாலும், அதைச் சொல்லுவோம். கொலைக்கு நீதி என்றால் செய்தவனைக் கண்டுபிடிப்பது. அதற்குக் குறைவான எதையும் இந்த ஊர் நீதி என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.